அங்க அடையாளம்

என் இடது கன்னத்து மச்சத்தைச் சுட்டு எடுத்துவிடலாம் என்று சொன்னது தங்கச்சி தஸ்லிமாதான். "போட்டோவுல அழுக்கு ஒட்டுன மாதிரி இருக்குக்கா" என்றாள். சுண்ணாம்பையும் வாஷிங் சோடாவையும் குழைத்து, தீக்குச்சி முனையால் அவளே வைத்தாள். எரிந்தபோது அன்பாக ஊதியும் விட்டாள்.

மூன்றாம் நாள் மச்சம் உதிர்ந்தது. அந்த இடம் சீழ் பிடித்தது. தில்லை நகர் டாக்டர், "வீட்டுல இதெல்லாம் யாருங்க செய்யச் சொன்னது?" என்று திட்டி, பிளாஸ்திரி ஒட்டினார்.

அடுத்த வாரம் தஸ்லிமாவின் இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது. அம்மாவிடம் காட்டினேன்.

"அவளுக்குத்தானே பொறந்ததுலேருந்து மச்சம்? பஸீலா, உனக்கு எங்கடி இருந்துச்சு?" என்றார் அம்மா.

வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தஸ்லிமா துணைக்கு வந்தாள். அதிகாரி என் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளத்தைப் படித்தார்: இடது கன்னத்தில் ஒரு மச்சம். என் பிளாஸ்திரியைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "பஸீலா, இங்க கையெழுத்துப் போடுங்க" என்றார்.

தஸ்லிமா தயங்கவே இல்லை. அவள் போட்டது என் கையெழுத்து, அடியில் நான் வழக்கமாக வைக்கும் ஒற்றைப் புள்ளியோடு.