வாய் திறக்காத பெட்டி

குளிர் அறைக் கதவைத் திறந்ததும் அடித்த நாற்றத்தில் குணசேகரனுக்குத் தலை சுற்றியது. வைத்திருந்த வஞ்சிரம் அத்தனையும் குழைந்து கிடந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வரை காரைக்கால்மேட்டிலிருந்து ஒரு விசைப்படகும் கடலுக்குப் போகாது. அதுவரை அவன் குடும்பமும் கூலியாட்களும் நம்பியிருந்தது இந்தச் சரக்கைத்தான்.

கணினி வேலை பார்க்கும் வெண்மதியை நெரவியிலிருந்து வரவழைத்தான். வண்டியை நிறுத்தக்கூட விடாமல் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

“குளிரு கொறஞ்சா மிஷினே சொல்லிடும்னியே. ரெண்டு நாளா அது முன்னாலதான் ஒக்காந்து பில் போட்டேன், ஒரு வார்த்த சொல்லுச்சா? ஊமைப் பெட்டிய என் தலையில கட்டிட்டுப் போயிட்டியே.”

அவள் நேராக அலுவலக அறைக்குள் போனாள். உள்ளே எப்போதும்போல ஊதுபத்திப் புகை. மாலை போட்ட அவன் அப்பா மாரிக்கண்ணுவின் படத்துக்கு நேர் கீழேதான் கணினி இருந்தது.

பின்னாலேயே வந்து திட்டித் தீர்த்தான். கணினி அனுப்பும் எச்சரிக்கை மெயில் கம்பெனியை விட்டு வெளியே போகக் கூடாது, எவனாவது உள்ளே புகுந்துவிடுவான் என்று அவன்தான் சொன்னான். அதற்காக உள்ளுக்குள்ளேயுமா வாயை மூடிக்கொண்டிருக்கும்? படகு, ஐஸ் வண்டி, வாசல் போர்டு எல்லாம் அப்பா பேரில்தானே ஓடுகிறது, ஏதாவது கெட்டுப்போனதா? கணினிக்குப் பொறுப்பாளர் யார் என்று அவள் கேட்டபோதும் அப்பா பேரைத்தான் போடச் சொன்னான். பில் போட உள்ளே நுழைவதற்கு மட்டும் தன் பேர் போதும் என்றான். அப்படிப்பட்ட மனுஷன் பேரை நாறடித்துவிட்டாளே பாவி!

வெண்மதிக்கும் சுர்ரென்று வந்தது. கீபோர்டை இழுத்து எதையோ தட்டினாள்.

திரை நிறையக் கடிதங்கள். குளிர் குறைகிறது, குறைகிறது என்று ரெண்டு நாளாகக் கணினி விடாமல் எழுதித் தள்ளியிருந்தது.

குணசேகரனுக்குக் கோபம் இன்னும் தலைக்கேறியது.

“அப்ப எவனோ இத வாங்கி வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கான். எவன்னு சொல்லு, இன்னிக்கே வேலைய விட்டு அனுப்புறேன்.”

வெண்மதி நிமிர்ந்து, புகைக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்தாள்.

“பொறுப்பு யாரு பேருல இருக்கோ அவங்களுக்குத்தாண்ணே போவும். ஒங்க அப்பாதான் இன்னும் பிரிச்சுப் படிக்கல.”