கடைசிக் குடை

“அந்தத் துளசியைக் குழுவை விட்டே தூக்கிடுங்க டீச்சர். இல்லாட்டி என் மகளோட மார்க்கு போச்சு!”

ஒத்திகை முடிந்த கையோடு காமாட்சி போய் நின்றது சலேஹா டீச்சரின் முன்னால்தான்.

அவள் கவலை அவளுக்கு. ஜார்ஜ் டவுனில் அந்தத் தனியார் பள்ளியில் கணக்கு, அறிவியலோடு கலைப்பாடம் ஒன்றும் எடுத்தே ஆகவேண்டும். மகள் ரூபினி மற்ற எல்லாப் பாடத்திலும் ஏ. கலையில் அவள் எடுத்தது போரியா. ஒருவர் பாட, மற்றவர்கள் வரிசையாக நின்று அதையே திருப்பிப் பாடி, குடை பிடித்து ஆடும் பினாங்குக்காரர்களின் ஆட்டம். அதில் தனித்தனி மார்க்கு கிடையாது. மொத்தக் குழுவுக்கும் ஒரே மார்க்கு.

அங்கேதான் வந்தது வினை. எல்லாரும் வலப்பக்கம் திரும்பினால் துளசி மட்டும் சிரித்துக்கொண்டே இடப்பக்கம் திரும்புகிறாள்!

“அவளுக்கு ஆட ரொம்ப ஆசைக்கா. இருந்துட்டுப் போகட்டும்லா,” என்றார் டீச்சர். தமிழர் கடைகள் நிறைந்த சூலியா தெருவில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொதப்பினா?”

“பிள்ளைங்க பார்த்துக்குவாங்க.”

என்னத்தைப் பார்ப்பார்கள்? அன்று சாயங்காலம் ரூபினி வீட்டுக்குள் கால் வைத்ததும் காமாட்சி பிடித்துக்கொண்டாள்.

“இங்க பாரு. நாளைக்குப் பக்கத்துல யார் எப்படித் திரும்பினாலும் நீ கண்டுக்கக் கூடாது. டீச்சர் சொல்லிக் கொடுத்ததை மட்டும் ஆடு.”

“அம்மா, ஆனா எல்லாரும்…”

“எல்லாரும் கில்லாரும் எல்லாம் கிடையாது!”

மறுநாள் பள்ளி மண்டபத்தில் நிற்க இடமில்லை. காமாட்சியின் கணவர் சண்முகநாதன் அக்கரையில் இருக்கும் பிறை ஊரிலிருந்து பாலத்து டிராபிக் ஜேமில் காரில் ஊர்ந்து வந்து, கெரேத்தா நிறுத்த இடம் தேடி அலைந்து, கடைசி நிமிடத்தில் வியர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்தார்.

திரை விலகியது. பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளை உடுப்பு, காது வரைக்கும் இறங்கிய தொப்பி, பாதி முகத்தை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. கையில் மினுமினுக்கும் குடை.

“நம்மவ எங்க?”

“நட்டநடுவுல! நேத்து ஒத்திகையில பார்த்தேனே,” என்று காமாட்சி கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுக்கத் தொடங்கினாள்.

பாட்டு ஆரம்பித்தது. நடுக்குடை இடப்பக்கம் சாய்ந்தது. அத்தனை குடைகளும் இடப்பக்கம் சாய்ந்தன. நடுக்குடை ஒரு குதி குதித்தது. மேடையே குதித்தது. நடுக்குடை திடீரென்று நின்று ஒரு சுற்றுச் சுற்ற, குழு முழுக்கச் சுற்றியது. மண்டபத்தில் விசில் பறந்தது.

“என் தங்கமே! பார்த்தீங்களாங்க? மொத்தக் குழுவும் நம்ம பிள்ளையைப் பார்த்துதான் ஆடுது!”

ஆனால் ஓரத்தில் ஒரு குடை. எல்லாரும் இடப்பக்கம் போனால் அது விறைப்பாக வலப்பக்கம் போனது. எல்லாரும் குதித்தால் அது நின்றது. பக்கத்துக் குடையோடு மோதி, தொப்பி கோணி, மறுபடியும் வலப்பக்கமே போனது. மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவள் காமாட்சி. கைப்பேசியை அந்தப் பக்கம் திருப்பி, ஓரத்துக் குடையைப் பெரிதாக்கி எடுத்தாள்.

ஆட்டம் முடிந்தது. குழுவுக்கு ஏ! அதோடு, ஓரத்துக் குடையின் கோமாளித்தனம் பிரமாதம் என்று மார்க்கு போட வந்த நடுவர்களிடமிருந்து தனிப் பாராட்டு வேறு.

பிள்ளைகள் தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றினார்கள்.

நடுவில் நின்றவள் துளசி. வாயெல்லாம் பல்.

ஓரத்தில் நின்றவள் ரூபினி.

காமாட்சி தூக்கிய கையை இறக்க மறந்தாள். ரூபினி மேடையிலிருந்து இறங்கி நேராக அவளிடம் வந்தாள்.

“எல்லாம் உங்களாலதாம்மா! துளசி எந்தப் பக்கம் திரும்புறாளோ அந்தப் பக்கமே எல்லாரும் திரும்பிடலாம்னு நேத்து ஒத்திகைக்கு அப்புறம் நாங்களே பேசி வெச்சோம். அவளைப் பார்த்து ஆட வசதியா இருக்கும்னு என் இடத்தைக்கூட அவளுக்குக் கொடுத்துட்டேன். கடைசியில நீங்க திட்டுவீங்கன்னு பயந்து, நான் ஒருத்தி மட்டும் சரியா ஆடினேன்!”

பின்னாலேயே குடையைச் சுழற்றிக்கொண்டு துளசி துள்ளி வந்தாள்.

“ரூபினியைத் திட்டாதீங்க ஆன்ட்டி. பாவம், கொஞ்சம் தடுமாறிட்டா. அடுத்த தடவை என்னைப் பார்த்து ஆடச் சொல்லுங்க, தன்னால வந்துடும்!”

சலேஹா டீச்சர் தூரத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார்.

“வீடியோ எடுத்தீங்கதானே? காட்டுங்க, காட்டுங்க!” என்று பிள்ளைகள் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

“பேட்டரி இல்ல… அப்புறம் பார்க்கலாம்…” என்று காமாட்சி கைப்பேசியைப் பைக்குள் போடப் போனாள். எதையும் யோசிக்காத சண்முகநாதன் அதை வாங்கி, சத்தத்தை முழுசாகக் கூட்டி, ஆசையாக ஓடவிட்டார்.

கைப்பேசிக்குள்ளிருந்து காமாட்சியின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது:

“ஐயோ, ஓரத்துல ஆடுதே, அதைப் பாருங்களேன்! எந்த மகராசி பெத்தாளோ!”