பெருக்காத முற்றம்

"நான் திரும்பி வர்ற வரைக்கும் முற்றத்தைப் பெருக்காதே, முசோண்டா. தடம் அழிஞ்சா வேட்டைக்காரன் வீடு வந்து சேரமாட்டான்."

"வலது கால்ல நாலே விரலு. அந்தத் தடத்தைப் பார்த்தா எருமையே விழுந்து விழுந்து சிரிக்கும். கிளம்புங்க, கிளம்புங்க!"

கணவன் கபாசோவிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான். முந்தின நாள் ஒரு வெளிநாட்டு விருந்தாளி சுட்டுக் காயப்படுத்திய காட்டெருமையைத் தடம் பார்த்துத் தேடிப்போகும் வேலை அவனுக்கு. 'போகாதீங்க' என்ற சொல் அவள் தொண்டை வரை வந்தது. ஆனால் வேட்டைக்குக் கிளம்புகிறவனைத் தடுத்துப் பேசக்கூடாது என்பது லுவாங்குவா ஆற்றோரத்து வழக்கம். கேலி பேசி அனுப்பிவைத்தாள்.

எருமை சுற்றி வந்து நாணலுக்குள் காத்திருந்ததாம். மத்தியானம் நான்கு பேர் அவனைப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தார்கள். அவன் கால் முற்றத்து மண்ணில் படவே இல்லை. அதனால் அடக்கம் முடிந்த பிறகும் முசோண்டா துடைப்பத்தைத் தொடவில்லை.

எட்டாம் நாள் காலை, துக்கத்துக்கு வந்தவர்களின் தடங்களுக்கு மேல் புதிதாக ஒரு நாலு விரல் தடம் வேலியோரம் பதிந்திருந்தது. விரல்கள் வீட்டைப் பார்த்திருந்தன. மறுநாள் அது இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் இரண்டு பேருக்குச் சோளக்களி கிண்டினாள். பன்னிரண்டாம் நாள் தடம் வாசற்படிக்கு வந்துவிட்டது.

இன்று காலையும் அது வாசற்படியருகேதான் இருந்தது. விரல்கள் மட்டும் காட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன. தடத்தின் ஓரத்து மண் இன்னும் சரிந்துகொண்டிருந்தது.

முசோண்டா குனிந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"போகாதீங்க" என்றாள்.