தவளைக் கல்யாணத்துக்குப் பிறகு

இருபத்துநான்கு மணி நேரம் ஆகிவிட்டது. தாள் மாற்ற வேண்டும்.

அவள் மரச்சட்டத்தின் பட்டையைத் தளர்த்தினாள். அவன் அலமாரி மேலிருந்து பழைய செய்தித்தாள் கட்டை இறக்கினான்.

மலையிலிருந்து கொண்டுவந்த செடிகள் அழுத்தி உலர்த்துவதற்காகச் சட்டத்துக்குள் தாள்களுக்கு நடுவே கிடந்தன. தாள் ஈரத்தை உறிஞ்சும். தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததிலிருந்து இந்த வேலையை இருவரும் சேர்ந்தே செய்கிறார்கள்.

சேர்ந்தே விளையாடுகிறார்கள்.

ஒருவர் பழைய தலைப்பை வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று மற்றவர் சொல்ல வேண்டும். சொல்பவர் சிரிக்கக் கூடாது.

வழவழப்பான ஞாயிறு இணைப்பு உதவாது. அது ஈரத்தை உறிஞ்சாது. அதனால் இந்த விளையாட்டில் நடிகைகள் வருவதில்லை. தாசில்தார்கள் வருவார்கள்.

"குரங்கு கடித்துத் தாசில்தார் காயம்." அவள் வாசித்தாள்.

"குரங்க ராமநாதபுரத்துக்கு மாத்திட்டாங்க," என்றான் அவன். "அது மெடிக்கல் லீவு போட்டுருச்சு. அந்த எடத்துக்கு வேற ஆள் இல்ல. இப்ப மரத்த தாசில்தார்தான் கூடுதல் பொறுப்பா பாத்துக்கறாரு."

வழக்கமாக இந்த இடத்தில் அவள் சிரித்துவிடுவாள்.

இன்று புதுத் தாளை மேசையில் விரித்து நீவினாள்.

"நாளை முதல் பேருந்துகள் குறித்த நேரத்தில் ஓடும்."

"அத நம்பி ஸ்டாப்புல நின்னாங்க பாரு, அவங்களுக்கெல்லாம் இப்ப பேரன் பேத்தி வந்தாச்சு. அங்கயே ரேஷன் கடை தெறந்துட்டாங்க."

அவள் ஈரத் தாளை உருவிக் கீழே போட்டாள்.

காலையில் மேடம் கூப்பிட்டிருந்தார். அவர்தான் இருவருக்கும் நெறியாளர். மலையில் கிடைத்த புதுச் செடியைப் பற்றிய கட்டுரையை ஆய்விதழில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றார். பிறகு கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"உன் பேரு இதுல வரலம்மா. மனசுல வெச்சுக்காத. நல்லா இரு."

"சரிங்க மேடம்," என்று அவள் வெளியே வந்தாள்.

ஏன் என்று கேட்டிருக்கலாம். வராந்தாவின் கடைசிவரை நடந்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

செடியைக் கண்டுபிடித்தது அவள்தான். ஈரப்பாறையில் வழுக்கி விழுந்தாள். அவன் மேலே நின்று சிரித்தான். ஊன்றிய கைக்குப் பக்கத்தில், மிளகளவு ஊதாப் பூ. அந்த மலையில் அது இருப்பதாக அதுவரை யாரும் எழுதியதில்லை.

அடுத்த மாதம் ஒரு கல்லூரியில் ஒரே ஒரு விரிவுரையாளர் இடத்துக்கு நேர்காணல். இருவருமே போகிறார்கள். கட்டுரையில் பெயர் இருப்பவருக்குக் கிடைக்கும்.

அவன் பெயர் இருக்கிறது.

தன் பெயரை மேடம்தான் எடுத்திருப்பார். பொண்ணுங்கள நம்பி என்ன செய்யறது, கல்யாணம் ஆனா போயிடுவாங்க என்று அடிக்கடி சொல்பவர்.

அவனுக்குத் தெரிந்தால் குதிப்பான். நேராக மேடம் அறைக்குப் போய் நிற்பான்.

முன்பே தெரிந்திருந்தால் அவனே சொல்வான். டீக்கடையில் சொல்வான் என்று பார்த்தாள். படியேறும்போது சொல்வான் என்று பார்த்தாள்.

"டாக்டரம்மா, உங்க ஆட்டம்." அவன் ஒரு தாளை உயர்த்திப் பிடித்தான். "மழை வேண்டித் தவளைகளுக்குத் திருமணம். ஊர் மக்களுக்கு விருந்து."

"மழ வந்துச்சு," என்றாள். "மாப்பிள்ள மறுநாளே கொளத்துக்குப் போயிட்டாரு. சீரா வெச்ச ஈ, கொசுவத் திருப்பிக் குடுங்கன்னு பொண்ணு வீட்டுல கேட்டாங்க. அதையும் தின்னுட்டாராம்."

அவன் மேசையைத் தட்டிச் சிரித்தான். "மூஞ்சிய அப்படியே வெச்சுக்கிட்டுச் சொல்ற பாரு. என்னால முடியாது."

இன்று அது கஷ்டமாக இல்லை.

தாள் மாற்றும்போது மின்விசிறி ஓடக் கூடாது. அறை புழுங்கியது.

அடுத்துச் சொல்ல வேண்டியவன் அவன். அவள் முறையை விட்டுத்தரவில்லை.

"கிணற்றில் விழுந்த பசு மீட்பு. வாலிபருக்குப் பாராட்டு விழா."

"ஏய், நான் சொல்லணும்."

"பசு விழுந்தத மொதல்ல பாத்தது ஒரு பொண்ணு. ஓடிப்போய் அந்தப் பையனக் கூப்பிட்டா. ரெண்டு பேரும்தான் கயிறு இழுத்தாங்க. விழாவுக்கு அவளும் போனா. மால, பொன்னாட எல்லாம் அவனுக்கு. தலைவரு பசுவுக்குக்கூட நன்றி சொன்னாரு."

"அப்புறம்?"

"அவன் மைக்க வாங்கிப் பேசுவான்னு கடைசி வரைக்கும் உக்காந்திருந்தா."

அவன் கையிலிருந்த தாளை மடித்தான். விரித்தான். மறுபடி மடித்தான்.

"மேடம் சொல்லிட்டாங்களா?"

அவள் தலையசைத்தாள்.

உனக்கு எப்போது தெரியும் என்று கேட்க நினைத்தாள். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மேடத்த எதுத்து நீ மட்டும் என்ன பண்ணியிருக்க முடியும்," என்றாள். "விடு. எனக்குப் புரியுது."

அவன் ஆமாம் என்றால் போதும். வாயால் சொல்லக்கூட வேண்டாம். நாளைக்கும் இதே நேரம் தாள் மாற்றலாம்.

செடி இன்னும் மேசைமேல் மூடாமல் கிடந்தது. அவள் அதன்மேல் தாளைப் போட்டாள். ஓரங்களைச் சரிசெய்தாள். அவனுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தாள்.

"மேடம் உன் பேரத்தான் மொதல்ல போட்டிருந்தாங்க," என்றான். "உனக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு, வேலைக்கெல்லாம் போகமாட்டன்னு நான்தான் பொய் சொன்னேன்."