ஆள் வந்ததும் ஓய்வு

"இது வேலைக்கு விண்ணப்பமா, இல்ல செஞ்ச பாவத்துக்குத் தண்டனையா?"

சரவெடி கேட்டது மேனேஜரிடம். அறைக் கதவு திறந்தே இருந்தது. வெளியே அலுவலகம் மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டு கீபோர்டைத் தட்டியது.

சரவெடி என்பது அங்கே அவருக்கு வைத்த பெயர். கிடங்குகளுக்குச் சரக்குக் கணக்கு மென்பொருள் செய்யும் கம்பெனி. அதன் பழைய புரோகிராமை எழுதியவர் அவர்தான். அது மக்கர் பண்ணினால் இன்றைக்கும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். வேறு யாருக்கும் அதில் கை வைக்கத் தெரியாது.

மேனேஜருக்கும் ஒரு பெயர் உண்டு. வடிகட்டி. எத்தனை விண்ணப்பம் ஊற்றினாலும் ஒரு சொட்டுகூடக் கீழே இறங்காது.

சரவெடியின் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன். பத்து நாள் பக்கத்தில் இருந்து தூக்கி உட்காரவைக்க அவரை விட்டால் ஆளில்லை. லீவு கேட்டபோது முதலாளி தோளில் தட்டினார்.

"உங்க வேலை தெரிஞ்ச ஒரு ஆள் வரட்டும். வந்ததும் உங்களுக்கு ஓய்வு குடுத்துடறேன்."

முதலாளி தண்ணீர் கேட்டால்கூட மேடையில் பேசுகிற மாதிரிதான் இருக்கும்.

ஆள் வரவில்லை. ஆபரேஷன் இரண்டு தடவை தள்ளிப்போனது. "உங்க ஆபீசுல ஆள் முளைக்கிற வரைக்கும் நான் சுவரைப் பிடிச்சுக்கிட்டே நடக்கணுமா?" என்று நேற்று மனைவி கேட்டதோடு அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போனது.

காலையில், புது ஆளுக்காக வடிகட்டி போட்டிருந்த விண்ணப்பத்தைத் தானே திறந்து பார்த்தார். படித்தது, பார்த்த வேலை எல்லாவற்றையும் இணைக்க வேண்டும். பிறகு அதையே கட்டம் கட்டமாகத் திரும்பவும் தட்ட வேண்டும். வாழ்க்கையில் கண்ட தோல்வி பற்றி ஒரு கட்டுரை. கேமராவைப் பார்த்துச் சிரித்துப் பேசி ஒரு வீடியோ. கடைசியில் சனி, ஞாயிறு உட்கார்ந்து முழுசாக ஒரு புரோகிராம். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் எங்கேயும் காணோம்.

பாதியில் விட்டுப்போனவர்களில் ஒரு பெண். கைக்குழந்தைக்காரி. பழைய புரோகிராம்களைச் சரி பண்ணுவதுதான் அவள் தொழிலே. குழந்தை தூங்குகிற நேரத்தில் நானும் தூங்க வேண்டும், தோல்வியைப் பற்றிக் கட்டுரை எழுத முடியாது என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"வேலைல இருக்கிறவனுக்கு ஏது நேரம்? புள்ளகுட்டி உள்ளவங்களுக்கு ஏது நேரம்? வெட்டியா இருக்கிறவன்தான் இதை முடிப்பான். அவனையும் நீ வேணாம்னுடற."

"தரம் வேணும் சார்," என்றார் வடிகட்டி, நிமிராமல். நேற்று இன்னும் இரண்டு கேள்வி சேர்த்திருப்பதாகவும் சொன்னார்.

அவ்வளவுதான். சரவெடி நேராக முதலாளி அறைக்கு நடந்தார். வடிகட்டி பின்னாலேயே ஓடிவந்தார். வேண்டாம் சார், கொஞ்சம் பொறுங்க, உங்க லீவுக்கு நான் ஒரு வழி பண்றேன் என்று கெஞ்சினார். சரவெடி அவர் முகத்தில் அடிக்கிற மாதிரி கதவைச் சாத்தினார்.

விண்ணப்பம் அன்றைக்கே குப்பைக்குப் போனது. அந்தப் பெண்ணை வரவழைத்துச் சரவெடியின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். காலையில் வந்த ஒரு கோளாறை அவர் அவள் முன்னால் திறந்து வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதை எழுதினவர் இன்னும் இங்க இருக்காரா?"

"நான்தாம்மா."

"நல்லதாப் போச்சு. இந்த இடத்துல என்ன நினைச்சு எழுதினீங்க சார்?"

அரை மணி நேரத்தில் கோளாறு போய்விட்டது. முதலாளி அங்கேயே அவளுக்குக் கை கொடுத்தார். சரவெடியிடம் திரும்பி, எல்லாவற்றையும் சீக்கிரம் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், அப்புறம் உங்களுக்கு ஓய்வுதான் என்றார்.

சரவெடி மனைவிக்குப் போன் போட்டு ஆஸ்பத்திரியில் தேதி வாங்கச் சொன்னார். பிறகு வடிகட்டியின் அறைக்கு வந்தார்.

"பாத்தியா தம்பி? அரை மணி நேரம். உன் கட்டுரையும் வேணாம், வீடியோவும் வேணாம். பொருத்தமான ஆள் வந்தாச்சு."

"அரை மணி நேரம் போதும்னு எனக்கும் தெரியும் சார்."

"தெரிஞ்சுமா அத்தனை பேரைப் போட்டு வதைச்ச? எதுக்கு?"

"பொருத்தமான ஆள் வந்துடக் கூடாதுன்னுதான்."

சரவெடி மேஜையில் ஓங்கி அறைந்தார். வடிகட்டி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே கத்திட்டு வெளிய போயிருப்பீங்க. அதான் சொல்லல. முதலாளி குடுக்கறேன்னாரே, அது பத்து நாள்ல முடியற ஓய்வு இல்ல சார்."