ஐந்தாம் எண் டப்பா

"கதவைத் தட்டுங்க சார், உடைச்சுடாதீங்க! உள்ளே மெஷின் ஓடிட்டிருக்கு!"

தடதடவென்ற சத்தத்தில் தூக்கிவாரிப்போட, லேபுக்குள்ளிருந்து கத்திக்கொண்டே அவள் எழுந்து போய்த் திறந்தாள். வாசலில் இன்ஸ்பெக்டர். தொப்பி கையில் இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வாட்ச்மேன் காலையில போயிட்டார், மேடம்."

மெத்தைக் கடை எரிந்த அன்று உள்ளே மாட்டிக்கொண்டவர். மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இனி இது கொலை கேஸ்."

"ஆமா. கடை முதலாளி லாக்கப்ல இருக்கார். நாலு மணிக்குக் கோர்ட்ல நிறுத்தணும். நீங்க என்ன எழுதறீங்களோ அதை வச்சுத்தான் எல்லாம்."

தீப்பிடித்த இடங்களில் அள்ளி வரும் சாம்பலையும் துணியையும் சோதிப்பது அவள் வேலை. ஸ்டேஷன்களில் அவளுக்கு வைத்த பெயர் மூக்கம்மா. உண்மையில் எந்த டப்பாவையும் அவள் முகர்ந்து பார்த்ததில்லை. அந்த வேலையில் அது கூடவே கூடாது. பெயின்ட் டப்பா போன்ற தகர டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி வரும் பொருளைச் சூடாக்கி, கிளம்பும் ஆவியைப் பிடித்து மெஷினில் விட்டால், அது கோடு கோடாக வரைந்து காட்டிவிடும்.

"நாலு டப்பா முடிஞ்சது சார். கடையில அள்ளின மூணுலயும் பெட்ரோல் இருக்கு. நாலாவதுல இருந்த துணி சுத்தம்."

எந்தத் துணி யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. டப்பாவில் எண் மட்டும்தான் இருக்கும். பெயர் தெரிந்தால் பார்க்கிற கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

"அஞ்சாவது?"

"ஓடிட்டிருக்கு. உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. கூண்டுக்குள் விட்டதுபோல மேஜைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். சட்டைப் பையில் போன் அலறியது. எடுத்துப் பார்த்தார், அணைத்துவிட்டுத் திரும்பவும் நடந்தார்.

திரையில் கோடு எழும்பியது. ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று, பிறகு கூட்டமாக.

"பெட்ரோல்தான்," என்றாள் மூக்கம்மா.

"நல்லாப் பாருங்க மேடம். முந்தின டப்பாவோட மிச்சம் மெஷின்ல ஒட்டியிருக்கப் போகுது."

"அதுக்குத்தான் ரெண்டு டப்பாவுக்கு நடுவுல ஒண்ணுமே வைக்காம ஒரு தடவை ஓட்டறோம். இதோ, கோடு படுத்துக் கிடக்கு பாருங்க. மெஷின் சுத்தம்."

"டப்பாவே அழுக்கா இருந்திருந்தா?"

"காலி டப்பாவையும் சோதிச்சாச்சு."

அவர் தொப்பியைக் கசக்கினார். "பைக்குக்குப் பெட்ரோல் போடறப்ப நாலு சொட்டு தெறிக்காதா? என் பேன்ட்டைக் கொடுத்தாக்கூட உங்க மெஷின் கத்தும்!"

மூக்கம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பத்து வருஷப் பழக்கம். 'சீக்கிரம் பெட்ரோல்னு எழுதிக் கொடுங்க' என்று நச்சரிக்கிற மனிதர். இல்லை என்று எழுதினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர். இன்று தலைகீழாகப் பேசுகிறாரே! லாக்கப்பில் இருக்கும் முதலாளி கொஞ்சம் பெரிய இடம் என்று அவளும் கேள்விப்பட்டிருந்தாள்.

"இங்க வாங்க." மைக்ராஸ்கோப் பக்கம் அவரைக் கூப்பிட்டாள். "அஞ்சாம் டப்பாவுல வந்த பேன்ட்ல வெட்டின துண்டு இது. குனிஞ்சு பாருங்க. நூல் நுனியெல்லாம் உருகி மணி மணியா நிக்குதா?"

பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"முன்பக்கம் மட்டும் இப்படி இருக்கு, முழங்கால் வரைக்கும். பெட்ரோலை ஊத்திட்டு, கிட்ட நின்னு பத்த வச்சா குப்புனு எழும்புமே, அந்தத் தீ நக்கினது. பங்க்ல நின்னு பைக்குக்குப் போட்டவனுக்கு இது வராது சார்."

"தீயை அணைக்க ஓடினவனா இருந்தா?"

"அணைக்க ஓடினவன் துணியில இவ்வளவு பெட்ரோல் ஏன் இருக்கு?"

மறுபடி போன் அலறியது. மறுபடி அணைத்தார்.

மூக்கம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "கேட்கறேன்னு தப்பா நினைக்காதீங்க சார். யாரைக் காப்பாத்தப் பார்க்கறீங்க? வாட்ச்மேனுக்கும் வீட்ல ஆளுங்க இருக்காங்கல்ல? எவ்வளவு பெரிய ஆள் சொன்னாலும் நான் ஒரு எழுத்தை மாத்த மாட்டேன்."

"மாத்தச் சொன்னேனா?" அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "எழுதுங்க. கண்ணால பார்த்ததை அப்படியே எழுதுங்க."

அவள் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். அவர் அறிக்கையை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். தொப்பியைத் தலையில் வைத்துச் சரிசெய்துகொண்டு, ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.

"ஏட்டு, முதலாளியை வெளிய விட்டுடுங்க. நாலாம் நம்பர் அவரோட துணிதான்... ஜீப்பை என் வீட்டுக்கு அனுப்புங்க. அந்தக் கடையில வேலை போனதுல இருந்து மாப்பிள்ளை வீட்லதான் இருக்கார். விலங்கு மாட்டியே கூட்டிட்டு வாங்க, என் பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன்."