மாரித்தாய் தேர்ந்தெடுத்த வண்டி

"மேல கண்ணாடி தொறக்குறதெல்லாம் இருக்கட்டும் தாயி. பிரேக்கப் போட்டா சட்டுன்னு நிக்குமா? அதச் சொல்லு மொதல்ல."

மாரித்தாய் இப்படிக் கேட்டதும் ஜெஸ்லின் சன்ரூஃப் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். சங்கரன்கோவில் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, சன்ரூஃபைப் பார்த்து வாயைப் பிளக்காத ஒரே ஆள் இந்த அக்காதான்.

"நிக்கும்க்கா. எவ்வளவு அவசரமா மிதிச்சாலும் டயர் வழுக்காது."

"ஹாரன்?"

ஜெஸ்லின் அடித்துக் காட்டினாள். மாரித்தாய்க்குத் திருப்தியில்லை.

"கீச்சுக் கீச்சுங்கு. தூரத்துல வாறப்பவே காதுல விழ வேண்டாமா?"

வண்டி வாங்க வந்தவர் துணிக்கடை முகம்மது இஸ்மாயில். ஆனால் அவர் சுவரோர நாற்காலியை விட்டு எழவே இல்லை. பக்கத்தில் மனைவி ஷஹீரா. பனவடலிசத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்த மாரித்தாய்தான் தன் வீட்டுக்கே வாங்குவதுபோல ஒவ்வொரு வண்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இஸ்மாயிலின் பழைய வண்டிக்கு நேர்ந்தது ஜெஸ்லினுக்குத் தெரியும். பனவடலிசத்திரம் பக்கம் புளியமரத்தில் மோதி, முன்பக்கம் அப்பளமாய் நொறுங்கிவிட்டது. காற்றுப்பை விரிந்ததால் மனிதர் மணிக்கட்டு முறிவோடு பிழைத்தார். ஆனால் கட்டுப் பிரித்த பிறகும் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை.

"எனக்கு எதுக்கு இனி வண்டி? நான் பஸ்ஸுல போய்க்கிடுதேன்" என்றார் இஸ்மாயில்.

"மக மாசமா இருக்கா. அவளுக்கு வலி வந்தா பஸ் ஸ்டாண்டுல போயி நிக்கவா?" ஷஹீரா குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள். பிறகு மாரித்தாய் பக்கம் திரும்பினாள். "நீயே கேளு மாரி. நான் சொல்லிச் சொல்லி ஓஞ்சிட்டேன். நீ சொன்னாத்தான் கேப்பாவ. அதுக்குத்தான் ஒன்னய வரச் சொன்னேன்."

மாரித்தாய் ஷோரூமின் நடுவே நின்ற, பெரிய தொடுதிரை வைத்த வண்டியை அண்ணாந்து பார்த்தாள்.

"இது வேண்டாம். மூக்கு ரொம்ப ஒசரமா இருக்கு. உள்ள இருக்கவங்களுக்கு என்ன தெரியும்?"

அதற்குப் பின்னால் கொஞ்சம் தாழ்வாக ஒரு வண்டி நின்றது. ஆடம்பரம் குறைவு, ஆனால் காற்றுப்பை ஆறு. மாரித்தாய் அதன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, இங்கன வந்து ஒக்காருங்க."

மனைவி சொல்லி எழாதவர், அவள் சொன்னதும் எழுந்து வந்தார். மாரித்தாய் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு கையை ஆட்டினாள்.

"நான் தெரியுதேனா?"

இஸ்மாயில் ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் மடியில் கைகளை வைத்திருந்தார். "தெரியுதம்மா" என்றார்.

"அப்ப இதான் நம்ம வண்டி!"

ஜெஸ்லினுக்குச் சிரிப்பு வந்தது. மைலேஜ் கேட்காமல் யாரும் வண்டி முடிவுசெய்து அவள் பார்த்ததில்லை.

டெஸ்ட் டிரைவ் வண்டி வாசலுக்கு வந்தது. இஸ்மாயில் தயங்கித் தயங்கி ஏறினார். பக்கத்துச் சீட்டில் ஜெஸ்லின் உட்காரப் போக, மாரித்தாய் அவளைத் தடுத்தாள்.

"நீ மதினிகூடப் பின்னால இரு தாயி. நான்தான் முன்னால ஒக்காருவேன்."

பெல்ட்டை மாட்டத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தவளுக்கு இஸ்மாயிலே மாட்டிவிட்டார்.

"மெதுவாப் போங்க அண்ணாச்சி. ஒங்கள நம்பித்தான் ஏறியிருக்கேன்."

ராஜபாளையம் சாலையில் வண்டி ஊர்ந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டு முந்தினார்கள். கொஞ்ச தூரம் போனதும், ஒரு சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பாராமல் குறுக்கே வந்தார். இஸ்மாயில் பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்காமல் நின்றது. சைக்கிளுக்கும் அதற்கும் நடுவே நிறைய இடமிருந்தது. இஸ்மாயிலின் நெற்றியெல்லாம் வியர்வை.

"பாத்தியளா, நின்னுட்டுல்லா?" மாரித்தாய் அவர் பக்கம் திரும்பினாள். "அவரு போயிட்டாரு. நீங்க கெளம்புங்க."

இஸ்மாயில் நீளமாக மூச்சு விட்டார். கியர் மாறியது. இரண்டு, மூன்று. வயல்கள் தெரியத் தொடங்கியபோது அவர் தோள்கள் தளர்ந்திருந்தன. "லேசா இருக்கு வண்டி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பின் சீட்டில் ஷஹீரா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி, "அல்ஹம்துலில்லாஹ்" என்று முணுமுணுத்தாள்.

திரும்பி வந்ததும் இஸ்மாயிலே கேட்டார்: "வெள்ளைக் கலரு எப்பம்மா கெடைக்கும்?"

கணவனும் மனைவியும் பதிவு செய்ய மேலாளர் அறைக்குள் போனார்கள். போகிற வழியில் ஷஹீரா மாரித்தாயின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

ஜெஸ்லின் டீ கொண்டுவந்து கொடுத்தாள். காலையிலிருந்து மனதில் இருந்ததைக் கேட்டும்விட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. ஆக்ஸிடென்ட் அன்னைக்கு நீங்களும் வண்டியில இருந்திருப்பீங்கன்னு நெனைக்கிறேன், எந்த சீட்டுல இருந்தீங்க? அவ்வளவு பெரிய அடி பாத்தும், பயப்படாம அவங்க பக்கத்துலயே ஒக்காந்தீங்களே!"

"நான் எங்க தாயி வண்டிக்குள்ள இருந்தேன்?" மாரித்தாய் டீயைக் கீழே வைத்தாள். "ஆட்டுக்குட்டியப் பிடிக்கக் கண்ணுமண்ணு தெரியாம ரோட்டுக் குறுக்க ஓடுனவ நான்தான், என்மேல ஏத்திரக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி வண்டியத் திருப்பிக் கொண்டுபோயி மரத்துல விட்டாவ."